நெல்லி எங்கே காணாமல் போனார்?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க ராப் பாடகர் நெல்லியைப் பற்றிய கட்டுரையில் 'ஆரம்பத்தில் நாலு ஹிட் கொடுத்துவிட்டுக் காணாமல் போனவர்' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எழுதியவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், ஆனால் உங்கள் பார்வைக்கு வந்துதானே அச்சுக்குப் போயிருக்கும்?

2000-ல் வந்த 'கன்ட்ரி கிராமர்' அமெரிக்காவில் ஒரு கோடி பிரதிக்கான டயமண்ட் சான்று பெற்ற ஆல்பம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ராப் என்றால் நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் என்றே பேசிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவின் நடுப்பகுதி நகரமான செயின்ட் லூயிஸிலிருந்து வந்து, அந்த ஊர்ப் பேச்சின் இழுவையை மாற்றிக்கொள்ளாமலே பாடி ஜெயித்தவர் அவர். 2002-ல் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டில் முதலிடத்தில் இருந்த 'ஹாட் இன் ஹியர்' பாட்டைக் கீழே இறக்கியது அவருடைய இன்னொரு பாட்டான 'டைலமா'தான்.

அந்த 'டைலமா'வுக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரு பத்தி, அதுவும் வீடியோவில் அவரோடு பாடிய கெல்லி ரோலண்ட் செல்போனில் எக்செல் தாளைத் திறந்து செய்தி அடிப்பதைக் கேலி செய்ய. எல்லோரும் செய்து சலித்த கேலி அது. நாங்கள் கல்லூரி விடுதியில் அந்தப் பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு வரி வரியாக நோட்டில் எழுதியிருக்கிறோம், ராப் என்றாலே எழுந்து போய்விடும் என் அறை நண்பன்கூட அதன் பல்லவியை முணுமுணுத்துக்கொண்டே துணி மடிப்பான். ராப் வெறும் கத்தல் என்பவர்களுக்கு இன்றும் நான் போட்டுக் காட்டுவது அதைத்தான்.

அப்புறம் நெல்லி கன்னத்தில் ஒட்டியிருந்த அந்த பிளாஸ்திரி. ஸ்டைலுக்காக ஒட்டியதாம், உங்கள் கட்டுரை சொல்கிறது! செயின்ட் லுனாடிக்ஸ் குழுவில் தன்னோடு பாடிய சிட்டி ஸ்பட் சிறையில் இருந்ததால், அவருக்காகத் தொடர்ந்து ஒட்டியிருந்தது அது. நெல்லியின் 'ரைட் வித் மீ' பாட்டில் ஸ்பட்டின் குரலும் இருக்கிறது, ஆனால் அந்தப் பாட்டு உலகமெல்லாம் ஓடியபோது அவர் கம்பிக்குப் பின்னால். இதைக் கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கக் கூடாதா?

2004-ல் ஒரே நாளில் இரண்டு ஆல்பம் வெளியிட்டார், 'சூட்' முதலிடத்திலும் 'ஸ்வெட்' இரண்டாமிடத்திலும் வந்து நின்றன. அதே வருடம் அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரி பாடும் டிம் மெக்ராவோடு பாடினார், 2010-ல் 'ஜஸ்ட் எ ட்ரீம்' பில்போர்டில் மூன்றாமிடம் வரை போனது, 2013-ல் ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் என்ற கன்ட்ரி இரட்டையரின் 'க்ரூஸ்' ரீமிக்ஸிலும் பாடினார். பின்னால் வந்த ஆல்பங்கள் முதல் இரண்டைப் போல விற்கவில்லை, சரி. பெண்களைக் காட்டிய விதத்துக்காக அவருடைய ஒரு வீடியோவை 2004-ல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரி மாணவிகள் கண்டித்தார்கள், அதில் நியாயம் அவர்கள் பக்கம்தான். அதை எழுதியிருந்தால் நானே வரவேற்றிருப்பேன். அது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உங்கள் இதழில் ராப்புக்கு எப்போதும் இதே கதிதான். போன வருடம் ஒரு ராப் பாடகரின் இரங்கல் குறிப்பில் வேறொருவர் படம் வந்தது. உடனே எழுதினேன், பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. சாஸ்திரிய சங்கீதக் கட்டுரையில் ஒரு ராகத்தின் பெயர் தவறியதற்கு அடுத்த இதழிலேயே பெட்டி கட்டி வருத்தம் தெரிவித்தீர்கள். எங்களையும் வாசகர்களாகத்தானே நினைக்கிறீர்கள்?

கட்டுரையை மாற்றி எழுதச் சொல்லவில்லை. பிளாஸ்திரி பற்றிய தகவலையும் 'காணாமல் போனவர்' என்ற வரியையும் திருத்தி, அடுத்த இதழில் இரண்டே வரி போடுங்கள், போதும்.

இப்படிக்கு,
பல வருட வாசகன்