மறுகூட்டலுக்கு விண்ணப்பம்

கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

தமிழ் வெப் சீரிஸ்களுக்குக் குடும்பக் குழுவில் நீ போட்டிருந்த மார்க் பட்டியலைப் பார்த்தேன். பத்துக்கு சுழல் 8, அயலி 7, வதந்தி 5, ஹார்ட் பீட் 4, தலைவெட்டியான் பாளையம் 2. இரண்டு! அதற்குப் பக்கத்தில் "ஜெராக்ஸ்" என்று ஒரே ஒரு வார்த்தை. உன் சித்தி உடனே கைதட்டும் பொம்மை போட்டுவிட்டாள், அவள் இதில் எதைத்தான் பார்த்தாளாம். நான் அங்கேயே பதில் எழுதினால் அது சண்டையாகிப் பொங்கல் வரைக்கும் இழுக்கும், போனில் ஒற்றை விரலால் தட்டுவதும் எனக்குச் சரிப்படாது, அதனால்தான் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள்.

இங்கே நாலு நாளாக விடாத மழை. ஊட்டிக்காரர்கள் ஆனி ஆடியில் நனைந்து முடித்தால் கோத்தகிரிக்கு முறை ஐப்பசியில்தானே வரும். கட்டபெட்டுப் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, தேயிலை பறிக்க ஆள் வரவில்லை, நான் அடுப்படியில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிளஸ் டூ விடைத்தாள் திருத்தப் போன காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டைப் பிரித்ததும் முதல் நாலு தாளுக்கு மார்க்கைப் பென்சிலில்தான் போட்டுவைப்பேன். காலையில் போய் உட்கார்ந்ததும் கை இறுக்கமாக இருக்கும், முதல் பிள்ளை எழுதியது எல்லாமே குறையாகத் தெரியும், பத்துத் தாள் தாண்டினால்தான் இந்த வருஷத்துப் பிள்ளைகள் அந்தக் கேள்வியை எப்படி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே பிடிபடும். அப்புறம் திரும்பிப் போய் அந்த நாலையும் படித்தால் இரண்டுக்கு ஏறும், ஒன்றுக்கு இறங்கும். "டீச்சர், உங்க கட்டு மட்டும் ஏன் எப்பவும் லேட்டு?" என்று முதன்மைத் தேர்வாளர் கேட்பார். லேட்டுதான். நீ முதல் எபிசோடிலேயே சிவப்பு மையால் போட்டுவிடுகிறாய், உன்னோடு எனக்குத் தகராறே அதுதான்.

முதலில் அந்த இரண்டு மார்க்குக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் தலைவெட்டியான் பாளையம் வந்தபோது நானும் உன் கட்சிதான். இந்தி "பஞ்சாயத்" சீரிஸை நீதானே 2020 லாக்டவுனில் கீழே ஓடுகிற எழுத்தோடு எங்களைப் பார்க்க வைத்தாய். அந்தப் புலேரா ஊரும் நீனா குப்தாவும் ரகுபீர் யாதவும் மனதில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும்போது, அதே கதையைத் திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுவந்து அதே வரிசையில் எடுத்தால் எரிச்சல் வரத்தானே செய்யும். மூன்றாவது எபிசோடோடு நிறுத்திவிட்டேன். மறுபடி பார்க்க வைத்தது இயக்குநர் பெயர்தான். நாகா. எந்த நாகா என்று யோசித்துப் பார்த்தால் நம் மர்மதேசம் சீரியல் எடுத்த நாகா! அதுமட்டுமா, பஞ்சாயத்துத் தலைவியாக வரும் தேவதர்ஷினியும் அவர் வீட்டுக்காரராக வரும் சேத்தனும் இரண்டு பேருமே அந்த மர்மதேசத்தில் வந்த விடாது கருப்பு கதையில் இருந்தவர்கள். நிஜத்திலும் அவர்கள் புருஷன் பெண்டாட்டி.

இது தெரிந்த பிறகு பார்த்தால் கதை கடன் வாங்கியது என்பது பின்னால் போய்விட்டது. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதைக் கவனி, ஒருத்தர் முடிப்பதற்குள் மற்றவர் முகம் மாறிவிடும், அதை எந்த இந்தி எபிசோடிலிருந்தும் நகல் எடுக்க முடியாது. அப்புறம் விஷயமும் நமக்கு அந்நியமில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது, பலகையில் மனைவி பெயர், நாற்காலியில் கணவர் என்று நம் பக்கத்திலேயே நீ பார்த்ததில்லையா? பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்காக நான் மனு எடுத்துக்கொண்டு அலைந்தபோது, தலைவர் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே "அவர் வரட்டும் டீச்சர்" என்று சொன்ன அந்தக் காட்சியை எனக்கு யாரும் இந்தியிலிருந்து எடுத்துத் தர வேண்டியதில்லை. எட்டெல்லாம் கேட்கவில்லை. ஜெராக்ஸ் ஜெராக்ஸ்தான். ஆனால் ஐந்து போடலாம்.

சுழலுக்கு வருவோம், அதில் எனக்கு உன்மேல் பழைய வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது. 2022-ல் அது வந்த புதிதில் எட்டு எபிசோடையும் இரண்டே ராத்திரியில் பார்த்தேன், எட்டாவது முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது காற்றில் சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்து கரண்ட் போய்விட்டது. இருட்டில் மெழுகுவர்த்தி தேடுகிற நேரத்தில் நீ போன் பண்ணினாய். கரண்ட் இல்லை, முடிவு தெரியவில்லை என்று பேச்சுக்குப் புலம்பினால், "அவர்தாம்மா" என்று பட்டென்று பெயரைச் சொல்லித் தொலைத்தாய். மூன்று வருஷம் ஆகியும் ஆறவில்லை. (அப்பா இன்னும் பார்க்கவில்லை, அதனால் பெயரை இங்கே எழுதமாட்டேன். உன்னை மாதிரியா நான்.)

ஆனால் அதிலும் ஒரு நன்மை. போன மாதம் மறுபடி பார்த்தபோது குற்றவாளி யார் என்று தேட வேண்டிய வேலை இல்லை. முதல் தடவை பார்த்திபன் மேல் சந்தேகம், ஸ்ரேயா ரெட்டி மேல் சந்தேகம், யார் கதவைத் திறந்தாலும் சந்தேகம். இப்போது அந்த ஆள் ஒவ்வொரு காட்சியிலும் எவ்வளவு சாதாரணமாக வந்து போகிறார் என்பது மட்டும்தான் கண்ணில் படுகிறது, வயிற்றைப் பிசைந்தது. மயானக் கொள்ளைத் திருவிழா முதலில் வெறும் பகட்டாகத் தெரிந்தது, இரண்டாம் முறை பார்த்தால் அந்த வேஷமும் ஆவேசமும் கதையோடு எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்று தெரிகிறது. முதல் பாகத்துக்கு உன் 8 சரி, அரை கூட்டினாலும் ஆட்சேபம் இல்லை. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்துக்கும் சேர்த்தேதான் 8 போட்டாயா? அதில் ஊரும் திருவிழாவும் மாறியிருக்கிறது, தைத்த அளவு அதே அளவு. அஷ்டகாளி என்று எட்டுப் பெண்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அவர்களில் நாலு பேரையாவது எனக்குத் தனித்தனியாக ஞாபகம் இருக்கும்படி செய்திருக்க வேண்டாமா? 5.

வதந்தியைப் பற்றி நீளமாக எழுதவில்லை. இழுவை என்று நீ சொன்னது உண்மை, போலீஸாக வரும் எஸ்.ஜே. சூர்யா வீட்டையும் மறந்துவிட்டு அந்தக் கேஸ் பின்னால் அலைகிற அலைச்சலில் ஒன்றரை எபிசோடைக் குறைத்திருக்கலாம். ஆனால் செத்துப்போன பெண்ணைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டே போகிறார்கள் இல்லையா, ஒரு பெண் லேட்டாக பஸ் இறங்கினால் மறுநாள் மார்க்கெட்டில் நாலு விதமாகப் பேசுகிற ஊரில் இருப்பவர்களுக்கு அது இழுவையாகத் தெரியாது. 6.

இப்போது முக்கியமான விஷயம். அயலிக்கு 7, ஹார்ட் பீட்டுக்கு 4 போட்டிருக்கிறாயே, இரண்டிலும் அம்மாவாக வருவது ஒரே அனுமோள்தான் என்பதைக் கவனித்தாயா? ஒன்றில் புதுக்கோட்டைப் பக்கத்து கிராமத்தில், வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிடும் ஊரில், மகள் வயதுக்கு வந்ததை மறைத்துப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று தெரிந்ததும் அவளோடு சேர்ந்து பொய் சொல்கிற அம்மா. இன்னொன்றில் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு, பின்னால் அதே ஆஸ்பத்திரிக்கு ஜூனியர் டாக்டராக வந்து நிற்கும் மகள் முன்னால் சீஃப் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அம்மா. அயலியில் அந்தப் பெண் டாக்டராக வேண்டும் என்று கனவு காண்கிறாள், இதில் மகள் டாக்டராகவே வந்துவிட்டாள், ஆனால் அம்மா இல்லை. எனக்கு இரண்டும் ஒரே கதையின் உள்பக்கம் வெளிப்பக்கம் மாதிரி இருந்தது.

ஹார்ட் பீட்டில் முதல் பாகமே நூறு எபிசோட், பாதி காதல், கால்வாசி கேன்டீன், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். டிரிப் ஏற்றுகிற விதமே தப்பு என்று நீ நர்ஸ் கண்ணோடு பார்த்துத் திட்டியதும் ஞாபகம் இருக்கிறது. நீ நாலு எபிசோட் பார்த்துவிட்டு நாலு மார்க் போட்டாய், நான் வாரம் நாலாக ஒரு வருஷத்துப் பழக்கம் மாதிரி பார்த்தேன். அப்படிப் பார்க்கும்போது அது வேறு பொருள், கண்ணு. ஒரு நாள் ராத்திரி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டமடமவென்று தகர சத்தம், ஆஸ்பத்திரி சீனில்தான் ஏதோ விழுகிறது என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் மாரியம்மன் கோயில் கதவைக் கரடி பெயர்த்து விளக்கில் இருந்த எண்ணெயை நக்கிவிட்டுப் போயிருக்கிறது. அவ்வளவு ஊன்றிப் பார்த்திருக்கிறேன், அதற்காவது 6 போடு.

அயலிக்கு நான் 9 போடுவது ஏன் என்று கேட்டால், உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நர்சிங்குக்குக் கோயம்புத்தூரில் சீட் கிடைத்தபோது உன் தாத்தாவிடம் நான் சொன்ன பீஸ், நிஜ பீஸில் பாதி. மீதிக்கு என் ரெட்டைவடச் செயின் அடகுக்கடைக்குப் போனது. அறுந்துவிட்டது, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்று இரண்டு வருஷம் சொல்லிச் சமாளித்தேன். தாத்தா ஒருநாள் "அந்த ஆசாரி செயினைத்தான் பத்த வைக்கிறானா, புதுசா தங்கம் வெட்டி எடுக்கப் போயிட்டானா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. செயின் எப்போதோ திரும்ப வந்துவிட்டது, நீ ஒன்றும் பணம் அனுப்பாதே.

அப்பாவும் மறுகூட்டல் போடுகிறவர்தான், வெளியே சொல்லமாட்டார். எதிர்நீச்சல் சீரியலில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது இனி அதைப் பார்க்கவேமாட்டேன் என்றார், அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்த முதல் வாரம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டே பார்த்தார், மூன்றாவது வாரம் நாற்காலி திரும்பிவிட்டது. இரண்டாம் பாகத்தில் கதாநாயகி ஜனனியாக வேறு பெண் வந்ததற்கு மட்டும் இன்னும் கோபம் தீரவில்லை.

விடாது கருப்பு யூடியூபில் இருக்கிறது. 97-98-ல் அது ஓடியபோது நீ சின்னக் குழந்தை, நம் வீட்டில் கேபிள் கிடையாது, எதிர் லைன் வீட்டில் போய் எல்லோரும் பார்ப்போம். திரும்பி வரும்போது பனிமூட்டத்தில் எங்கேயோ மாட்டு மணி கேட்டால்கூடக் கருப்புசாமியின் குதிரை வருகிறது என்று என் முந்தானைக்குள் புகுந்துகொள்வாய். கக்கூஸ் வீட்டுக்கு வெளியே இருந்ததால் அந்த ஒரு வருஷமும் ராத்திரியில் டார்ச்சோடு உனக்குக் காவல் நின்றது நான்தான், ஒருநாள் நிஜமாகவே காட்டெருமை நின்றுகொண்டிருந்ததை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இத்தனை வருஷம் கழித்து அதற்கு எத்தனை மார்க் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போடுவோம், பென்சிலில்.

டப்ளினில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டீர்கள் இல்லையா, அப்படியென்றால் எனக்கு ராத்திரி 9 மணி உனக்கு மத்தியானம் 3.30. ஞாயிற்றுக்கிழமை உனக்கு டூட்டி இல்லை என்றால் போனைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்குவோம். உட்காருவதற்கு முன்னால் பாத்ரூம் போய்விட்டு வந்துவிடு, இந்தத் தடவை டார்ச் பிடிக்க நான் அங்கே இல்லை.

அம்மா