அஸாதியோப்ரின் தொடங்கும் முன் மரபணுச் சோதனை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடல் அழற்சி நோய்க்கான மருந்துகள் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை பயனுள்ளது. ஆயினும், அம்மருந்துகள் எல்லா இனத்தவரின் உடலிலும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை என்ற செய்தி அதில் விடுபட்டிருக்கிறது. மலேசியாவில் வாழும் நம் இந்தியர்களுக்கு இது புறக்கணிக்கத்தக்கதன்று. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், இந்நோய்க்குப் புதிதாக ஆளாவோரின் விகிதம் மலாய்க்காரரையும் சீனரையும்விட இந்தியரிடையே மிகக் கூடுதலாக இருந்தது. தோட்டப்புறங்களிலோ இந்நோயின் அறிகுறியாக மலத்தில் இரத்தம் கண்டாலும் உடம்புச் சூடு என்றோ மூலம் என்றோ நாமே முடிவு செய்து, மோரும் வெந்தயமும் சாப்பிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறோம்.

நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது இந்நோய்க்குத் தரப்படும் அஸாதியோப்ரின் மாத்திரையைப் பற்றி. விலை குறைந்தது, நீண்ட காலம் பயன்பட்டு வருவது, பலருக்கு நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பது என்று அதற்குச் சிறப்புகள் உண்டு. ஆனால் சிலருக்கு இது இரத்த வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அத்தகையோரை முன்கூட்டியே கண்டறிய மேலைநாடுகளில் இம்மருந்தை உடலில் சிதைக்கும் டி.பி.எம்.டி. என்ற நொதியைச் சோதிப்பது வழக்கம். அதில் குறைபாடு ஐரோப்பியரிடையே கூடுதல், ஆசியரிடையே குறைவு. ஆசியர் பலருக்கு அச்சோதனை சரியாக இருந்தும் வெள்ளணுக்கள் சரிந்ததன் காரணத்தை 2014இல் கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே அது. கிழக்காசியரிடையே பரவலாகவும் தெற்காசியரிடையே கணிசமாகவும் காணப்படும் இம்மாற்றம், தாய் தந்தை இருவழியிலும் வந்து சேர்ந்தவருக்கு வழக்கமான அளவு மருந்தைக் கொடுத்தால், சில வாரங்களிலேயே தலைமுடி முழுவதும் கொட்டி, உயிருக்கு ஆபத்தான தொற்றும் வரக்கூடும்.

இதைப் படித்து யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். தமிழர்களில் பெரும்பாலோருக்கு இம்மாற்றம் இல்லை. மருத்துவமனைப் படிவத்தில் இனத்தைக் கேட்டு எழுதிக்கொள்வது மரபணுவைச் சோதித்ததாகவும் ஆகாது. மரபணுச் சோதனை கிடைக்காத இடங்களில் வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை ஒன்றே காவல். தொடக்க வாரங்களில் அடிக்கடியும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அது நடக்க வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவோரும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்வோரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியிருப்பதால், முதலில் தவறவிடுவது இந்தப் பரிசோதனையைத்தான். கௌட் எனப்படும் மூட்டு வலிக்கு வேறு கிளினிக்கில் அலோபுரினால் என்ற மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவோரும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது அஸாதியோப்ரினின் நச்சுத்தன்மையைப் பல மடங்கு கூட்டும்.

இதே குடல் நோய்க்கான இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற புதிய ஊசி மருந்துகளின் ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். இம்மருந்துகள் உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிப்பதால், காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டில், உடலில் ஒளிந்திருக்கும் காசநோயைத் தேடிப் பார்த்த பின்பே அவற்றைத் தொடங்க வேண்டும்.

எனவே, அஸாதியோப்ரின் தொடங்கும் முன் என்.யு.டி.டி.15 சோதனையை அரசாங்க மருத்துவமனைகளில் வழக்கமாக்கவும், அதுவரையில் இரத்தப் பரிசோதனையை அருகிலுள்ள கிளினிக்கிலேயே செய்துகொள்ள வகை செய்யவும் சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். சிகிச்சையின் பலனை இனவாரியாகப் பதிவு செய்து வெளியிட்டால், நம்மவர்க்கு எந்த மருந்து எந்த அளவில் பொருந்துகிறது என்பதை ஐரோப்பியக் கணக்கைக் கொண்டு ஊகிக்க வேண்டிய நிலை இராது.

இக்கண்,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.