சளிப் போத்தலில் எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காசநோயைப் பற்றி நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம், எத்தனை பேருக்கு வந்தது, எந்த மாநிலத்தில் கூடியது என்பதோடு முடிந்துவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போகிறவர் கையில் ஒரு சிறிய போத்தலைக் கொடுத்து, சளி எடுத்து வாருங்கள் என்கிறார்கள். அந்தப் போத்தலுக்குள் என்ன போக வேண்டும், போனதை ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள், வரும் முடிவுக்கு என்ன பொருள் என்று நம் மக்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆளில்லை. எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, "சோதித்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை" என்று ரப்பர் பால் வெட்டவும் செம்பனைக் குலை தள்ளவும் திரும்பிப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் சளி எடுக்கும் முறை. காலையில் எழுந்ததும் பசியாறுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். இரவெல்லாம் நெஞ்சில் சேர்ந்தது அப்போதுதான் கிடைக்கும். கொதிக்க வைத்து ஆற்றிய நீரால் வாயை இரண்டு தடவை கொப்பளியுங்கள். கிருமிநாசினி கலந்த வாய் கழுவும் மருந்து வேண்டாம். அது சளியிலுள்ள கிருமியையும் கொன்றுவிடும். பைப் தண்ணீரும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம். பிறகு வீட்டுக்கு வெளியே, ஆள் இல்லாத, காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். குளியலறைக்குள் இருமினால் அடுத்து அங்கே நுழைகிறவர் அந்தக் காற்றைத்தான் இழுப்பார்.

மூச்சை ஆழமாக இழுத்து, சில விநாடி நிறுத்தி, மெல்ல விடுங்கள். இன்னொரு தடவை அப்படியே செய்யுங்கள். மூன்றாவது தடவை இழுத்த மூச்சோடு அடிவயிற்றிலிருந்து இருமுங்கள். நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி வருவது கெட்டியாக, பிசுபிசுப்பாக இருக்கும். மஞ்சளாகவோ பச்சையாகவோ, சில சமயம் ரத்தக் கீற்றோடோ இருக்கும். தண்ணீர்போல் தெளிந்து நுரைத்திருந்தால் அது எச்சில். 3 முதல் 5 மில்லி வேண்டும். ஒரு தேக்கரண்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இருமலில் வராது. மறுபடி மறுபடி இருமிச் சேர்க்க வேண்டும். மூடியைத் திருகி இறுக்குங்கள். பெயர் போத்தலின் உடம்பில் எழுதியிருக்க வேண்டும், மூடியில் அல்ல. ஆய்வுக்கூடத்தில் பல போத்தல்கள் ஒன்றாகத் திறக்கப்படும்போது மூடிகள் இடம் மாறலாம்.

அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் பிளாஸ்டிக் பைக்குள் நிமிர்த்தி வைத்து ஐஸ் பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள். உறைய விடக் கூடாது. வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இருக்கைக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் வாயிலிருந்து வந்த சாதாரணக் கிருமிகள் மணிக்கணக்கில் பெருகிவிடும். அவை சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகக் கூடியவை. காசநோய்க் கிருமிக்கோ ஒரு தடவை இரட்டிப்பாக 15 முதல் 20 மணி நேரம் வேண்டும். இந்தப் பந்தயத்தில் அது ஒருநாளும் ஜெயிக்காது.

ஒரு போத்தல் போதாது, இரண்டு வேண்டும். அதில் ஒன்றாவது விடியற்காலைச் சளியாக இருக்கட்டும். இருமியும் சளி வராதவர்களுக்கு 3 முதல் 5 விழுக்காடு உப்புநீரை ஆவியாக இழுக்கச் செய்து வரவழைக்கலாம். சிறு குழந்தைகள் சளியைத் துப்ப மாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள். அதனால் வெறும் வயிற்றில் இரைப்பை நீரை எடுத்துப் பார்ப்பார்கள். மலத்தை வைத்தும் மரபணுச் சோதனை செய்யலாம்.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் நடப்பது. பழமையான சோதனை நுண்ணோக்கிதான். சளியின் கெட்டியான பகுதியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காயவைத்து, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியிலிருந்து ஆவி எழும் வரை சூடாக்கி 5 நிமிடம் விடுவார்கள். கொதிக்க விடக் கூடாது. காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகுபோன்றது. சூடு பட்டால்தான் சாயம் உள்ளே இறங்கும். பிறகு 3 விழுக்காட்டு அமிலம் கலந்த ஆல்கஹாலால் கழுவினால் மற்ற கிருமிகளின் நிறம் போய்விடும், இதன் சிவப்பு மட்டும் போகாது. கடைசியில் மெத்திலீன் நீலம். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் தெரியும். 100 பார்வைப் புலங்களை (நுண்ணோக்கியில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம் ஒரு புலம்) ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே "இல்லை" என்று எழுத வேண்டும். அவசரமாக 20 புலத்தோடு நிறுத்துவதும், சாயம் கழுவும் நேரத்தைக் கூட்டுவதும், தடவல் தடித்துப் போவதும் இருக்கும் கிருமியை இல்லாததாக்கிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும், ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் நுண்ணோக்கியில் அகப்படும். 8,000 இருக்கும் சளியில் அதே அளவு எச்சில் கலந்தால் 4,000 ஆகிவிடுகிறது, முடிவும் மாறிவிடுகிறது. நோயாளி அதே நோயாளி, நுரையீரல் அதே நுரையீரல்.

அடுத்தது மரபணுச் சோதனை, எக்ஸ்பர்ட் என்பார்கள். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஒரு பங்கு சளிக்கு இரண்டு பங்கு திரவம் சேர்த்துக் குலுக்கி, 15 நிமிடம் வைத்து, 2 மில்லியைக் கருவிக்குள் செருகும் சிறு பெட்டகத்தில் விட்டால் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும். நுண்ணோக்கியைவிடப் பல மடங்கு கூர்மையானது. காசநோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் அது பார்ப்பது டிஎன்ஏவை. செத்த கிருமிக்கும் டிஎன்ஏ உண்டு. ஆகவே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் குணமாகிறாரா என்று இந்தச் சோதனையால் அறிய முடியாது. ஐசோனியசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்துக்கு மட்டும் எதிர்ப்பு இருந்தால் வழக்கமான எக்ஸ்பர்ட் பெட்டகம் அதைக் காட்டாது.

கடைசி நடுவர் கிருமி வளர்ப்புதான். ஒரு மில்லியில் 10 முதல் 100 உயிருள்ள கிருமி இருந்தாலே போதும். முதலில் சளியைக் கரைக்கும் மருந்தோடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 15 நிமிடம் வைத்து, மற்ற கிருமிகளைக் கொல்வார்கள். நேரம் மிஞ்சினால் காசநோய்க் கிருமியும் செத்துவிடும். குறைந்தால் மற்றவை பெருகி, ஊடகத்தையே (கிருமி வளர்வதற்கான சத்துப் பொருளை) கெடுத்துவிடும். எங்கள் ஆய்வுக்கூடத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: திட ஊடகத்தில் 2 முதல் 5 விழுக்காடு குழாய்கள் கெட்டுப்போவது நல்ல அடையாளம். ஒன்றுகூடக் கெடவில்லை என்றால் அந்த ஆய்வுக்கூடம் கடுமையாகக் கழுவித் தேவையான கிருமியையும் கொன்றுகொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். திரவ ஊடகத்தில் 42 நாள், முட்டை சேர்த்த பச்சை நிறத் திட ஊடகத்தில் 8 வாரம் வரை காத்திருந்த பிறகே "வளரவில்லை" என்று சொல்வார்கள். கிளினிக்கில் "இன்னும் வரவில்லை" என்று சொன்னால் அலட்சியம் என்று கோபிக்காதீர்கள். இரண்டு மாதம் கழித்து மறக்காமல் போய்க் கேளுங்கள்.

பைப் தண்ணீருக்கு இப்போது வருவோம். நுண்ணோக்கியில் தெரியும் சிவப்புக் குச்சியெல்லாம் காசநோய்க் கிருமி அல்ல. அதன் பங்காளிகள், அதாவது அதே மைக்கோபாக்டீரியம் குலத்தைச் சேர்ந்த வேறு கிருமிகள், மண்ணிலும் நீர்த் தொட்டியிலும் குழாயின் உட்புறத்திலும் வாழ்கின்றன. குளோரின் அவற்றை எளிதில் கொல்லாது. மைக்கோபாக்டீரியம் கோர்டோனே அப்படிப்பட்டது. குழாய் நீரில் வாயைக் கொப்பளித்தால் அது சளியோடு சேர்ந்து வந்து ஊடகத்தில் ஆரஞ்சு நிறத்தில் வளரும்; நோயில்லாதவருக்கு நோய் இருப்பதுபோல் குழப்பும். கன்சாசி, ஏவியம், அப்செசஸ் போன்ற இனங்களோ, பழைய காசநோயால் நுரையீரல் பழுதுபட்டவர்களிடம் உண்மையான நோயையே உண்டாக்கும். இருமலும் எடைக்குறைவும் அச்சாகக் காசநோய் போலவே இருக்கும். சளி நுண்ணோக்கியில் "உண்டு", எக்ஸ்பர்ட்டில் "இல்லை" என்று வந்தால் முதலில் நினைக்க வேண்டியது இவற்றைத்தான். தனித்தனியாக எடுத்த இரண்டு சளியிலாவது அதே இனம் வளர்ந்து, எக்ஸ்ரேயும் நோயின் குறிகளும் ஒத்துப்போனால்தான் நோய் என்று முடிவெடுப்பார்கள். மருந்தும் வேறு, காலமும் வேறு: ஏவியம் இனத்துக்குச் சளியில் கிருமி நின்ற பிறகும் 12 மாதம் மருந்து தொடர வேண்டும். ஆறுதலான செய்தி, இவை சாதாரணமாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதில்லை.

இந்தப் பங்காளிகளின் வேலை இதோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968ல் தொடங்கிய, காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி பற்றிய பெரிய ஆய்வில், அந்த ஊசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. அங்குள்ள மக்கள் மண்ணிலும் நீரிலும் உள்ள மைக்கோபாக்டீரியங்களோடு ஏற்கெனவே பழகிப்போனது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. பச்சைக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் வராமல் பிசிஜி காக்கிறது. பிறந்ததும் போடுவது அதற்காக. கையில் தழும்பு இருக்கிறதே என்று ஐம்பது வயதுக்காரர் இருமலைத் தள்ளிப்போடக் கூடாது.

காசநோய் வேடம் போடும் இன்னொரு தொற்றுநோயும் நம் மண்ணில் உண்டு: மெலியோய்டோசிஸ். மழைக்காலத்துச் சேற்றிலிருந்து வருவது, சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்குவது, நுரையீரலின் மேல்பகுதியில் காசநோய் போலவே எக்ஸ்ரேயில் தெரிவது. காசநோய் மருந்து அதற்குக் கேட்காது. தோட்டத்தில் வேலை செய்கிறேன், சர்க்கரையும் இருக்கிறது என்பதை மருத்துவரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

தனியார் கிளினிக்கில் இருமலுக்கு லெவோஃப்ளோக்சசின், மோக்சிஃப்ளோக்சசின் போன்ற மாத்திரைகள் கிடைப்பதுண்டு. இவை காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். ஒரு வாரம் சுகம் தெரியும், அந்த நேரத்தில் கொடுத்த சளியில் கிருமி அகப்படாது, பிறகு நோய் திரும்பும். இப்படிச் சாப்பிட்டிருந்தால் மாத்திரை உறையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மருந்து தொடங்கியவர்களுக்கும் சில வார்த்தை. நுரையீரலில் குழி விழுந்தால் அதில் 10 கோடிக்கு மேலும் கிருமி இருக்கலாம். ஐசோனியசிட்டுக்கு அடங்காதது ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்றாகத் தானே பிறக்கும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது 10 கோடியில் ஒன்று. ஒரே மருந்து கொடுத்தால் அந்தச் சில கிருமிகள் தப்பிப் பெருகும். இந்தப் பாடத்தை உலகுக்குச் சொன்ன இடங்களில் ஒன்று நம் சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு. தொழுநோய்க் கிருமியும் காசநோய்க் கிருமியின் பங்காளிதான்; எந்த ஊடகத்திலும் வளராதது. அது டாப்சோன் என்ற ஒற்றை மருந்துக்கு அடங்காமல் போனதை, சுண்டெலியின் பாதத்தில் வளர்த்துப் பார்த்து, 1964ல் பெட்டிட், ரீஸ் என்ற ஆய்வாளர்கள் அங்குள்ள நோயாளிகளிடம் நிறுவினார்கள். 1981ல் தொழுநோய்க்கும் கூட்டு மருந்து பரிந்துரைக்கப்பட்டது. காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்தும், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்தும் கொடுப்பது, ஒற்றை மருந்துக்குக் கிருமி தப்பிவிடும் என்பதனால்தான்.

நான்கும் சேர்ந்த மாத்திரை 50 கிலோ எடையுள்ளவருக்கு 3, 60 கிலோவுக்கு 4. சாப்பிடச் சாப்பிட உடம்பு தேறி எடை கூடும். ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெறும் வயிற்றில் விழுங்குவது நல்லது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினின் நிறம், பயப்பட வேண்டியதில்லை. கண் மஞ்சளானால், பசி அறவே போய் வாந்தி எடுத்தால், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். சம்சு சாராயம் குடிக்கிறவர்களின் ஈரல் இந்த மருந்தைத் தாங்காது. சர்க்கரை மாத்திரை சிலவற்றின் வேகத்தையும் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையின் பலனையும் ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டையும் குவளையையும் பிரித்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. நோய் காற்றில் பரவுவது. 1956ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, நெருக்கடியான ஏழை வீடுகளில் தங்கி மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்துக்கு, மருத்துவமனையில் வைத்திருந்தவர்களின் குடும்பத்தைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை என்று காட்டியது. லயன் வீட்டின் சன்னலைத் திறந்து வைத்து, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வையுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களையும், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை, சோதனைக்கு அழைத்துப் போங்கள்.

தோட்ட நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். பெரட்டு (வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுப்பது) விடியலுக்கு முன், கிளினிக் திறப்பது அதற்குப் பிறகு. நாள் சம்பளக்காரர் தினமும் மருந்து விழுங்கப் போய்வந்தால் சம்பளம் போகிறது, அதனால் இரண்டாம் மாதமே நின்றுவிடுகிறார். கிளினிக்கோடு பேசி, தோட்டத்திலேயே பொறுப்பான ஒருவர் முன்னிலையில் மருந்து விழுங்க ஏற்பாடு செய்யுங்கள். ஆசிரியர் அவர்களே, சளி எடுக்கும் முறையை மட்டுமாவது தனிக் கட்டமாகப் போட்டு உதவுங்கள். வெட்டி எடுத்துத் தோட்ட ஆபீஸ் பலகையிலும் ஒட்டுக்கடைச் சுவரிலும் ஒட்டிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்