குடத்தோடு நின்றுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் உத்திரமேரூர் நாலு வரியில் முடிந்துவிட்டது. சோழர் காலம், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை, அவ்வளவுதான். 2020-இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்த ஊரைக் குறிப்பிட்டுப் பேசினார். பேசுகிறவர்கள் பலர் குடத்தோடு நின்றுவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த ஊர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. பல்லவர் காலத்துப் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். பெரிய ஏரியை நம்பி விவசாயம் பார்த்த ஊர். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இரண்டு சபைத் தீர்மானங்களை வெட்டி வைத்தார்கள். 919-இல் உறுப்பினருக்கு வயது 30 முதல் 60 வரை. இரண்டே வருடத்தில் அதை 35 முதல் 70 என்று மாற்றியிருக்கிறார்கள். விதி சரியில்லை என்று பட்டால் திருத்தி, திருத்தியதையும் எல்லார் கண்ணிலும் படும்படி கல்லில் எழுதினார்கள்.

சரி, குடத்துக்கு வருவோம். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிந்திருந்தது. ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் என்ற நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளிக்க முடியாது. அப்படித் தேர்வானவர்களில் 12 பேர் ஆண்டு வாரியம் (வாரியம் என்றால் குழு), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரிக்கென்றே ஒரு குழு என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது வேறொரு வரி. முன்பு வாரியத்தில் இருந்து 'கணக்குக் காட்டாதே இருந்தார்' பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவர் மட்டுமில்லை, சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், அப்பா, மகன், மாமனார், மருமகன், சகோதரி கணவன் என்று ஒருவர் விடாமல் பட்டியல் நீளுகிறது. தான் விலகி மச்சானை நிறுத்தும் வழியையும் அடைத்துவிட்டார்கள். கணக்கு காட்டியவர்கூட அடுத்த மூன்று வருடம் எந்த வாரியத்துக்கும் வர முடியாது.

அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமணர்களின் சபை. உழுதவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அதை மறைத்துப் பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்று தமிழக உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. பட்டியல் சாதியினருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. யார் உள்ளே வரலாம் என்பதில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். வந்தவர் கணக்கு காட்டுவதில்தான் பின்தங்கி நிற்கிறோம்.

எங்கள் ஊராட்சியில் நான் போன கிராம சபையில் வரவு செலவு படித்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. ஒலிபெருக்கி கரகரத்தது. மொத்தத் தொகைகள் மட்டும் காதில் விழுந்தன. அதற்குள் கையெழுத்துப் புத்தகம் என் மடிக்கு வந்துவிட்டது. வாய்க்கால் தூர்வாரியதற்கு என்ன செலவு என்று பின்னாலிருந்த ஒரு அம்மா கேட்டார். "அலுவலகத்துக்கு வந்து பாருங்கம்மா" என்றார்கள். அலுவலகம் பூட்டியிருந்ததாக அடுத்த வாரம் அவரே என்னிடம் சொன்னார்.

கிராம சபையாவது கிராம ஊராட்சியில் இருக்கிறது. பேரூராட்சி ஆகிவிட்டால் அதுவும் கிடையாது. கல்வெட்டு இருக்கும் உத்திரமேரூரிலேயே இன்று கிராம சபை கூடுவதில்லை.

அடுத்த முறை உத்திரமேரூரைப் பற்றி எழுதும்போது அந்தக் கணக்கு விதியை முழுதாக வெளியிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்தின் வெளிச்சுவரிலும் அந்த ஆண்டின் வேலை, தொகை, ஒப்பந்ததாரர் பெயர் மூன்றையும் பெயிண்டில் பெரிதாக எழுத வேண்டும் என்று உங்கள் தலையங்கத்தில் கேளுங்கள். அந்த அம்மா வாய்க்கால் செலவைத் தெருவில் நின்றே படித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காஞ்சிபுரம் மாவட்டம்