வீட்டுல பச்சைக்கிளி வளர்க்குற சென்னைக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. நீங்க அந்தக் கிளிய கொடுமைப்படுத்துறீங்கன்னு சொல்ல வரல. கொய்யாப்பழம் நறுக்கி ஊட்டிவிட்டு, பேர் வெச்சு, சொந்தப் புள்ள மாதிரி பாத்துக்குறவங்களத்தான் நான் நிறைய பாத்திருக்கேன். அதனாலதான் உங்ககிட்டயே நேரா கேக்குறேன், அது எங்க இருந்து வந்துச்சுன்னு வாங்கும்போது கேட்டீங்களா?

லவ் பேர்ட்ஸ்னு இங்க விக்கிற பட்ஜி வேற, அது ஆஸ்திரேலியாப் பறவை, கூண்டுலயே பொறந்து வளருது. நம்ம பச்சைக்கிளி அப்படி இல்லங்க, சந்தைக்கு வர்றது பெரும்பாலும் மரப்பொந்துல இருந்து எடுத்ததுதான். வருஷ ஆரம்பத்துல சீசன், தலை போன பனைமரத்துலயோ பழைய மரத்துலயோ மரங்கொத்தி விட்டுட்டுப் போன பொந்துல தாய்க்கிளி நாலஞ்சு முட்டை வெச்சு அடைகாக்கும், குஞ்சுக்கு லேசா ரோமம் முளைக்கிற நேரம் பாத்து ஆள் ஏறுவான், கை நுழையலன்னா பொந்து வாயையே வெட்டி அகலமாக்கி இருக்குற குஞ்சு மொத்தத்தையும் அள்ளிடுவான். அப்படி வெட்டின பொந்துல மழை எறங்கும், காக்கா வரும், அடுத்த வருஷம் அங்க முட்டை வெக்க வழியில்ல. நல்ல பொந்து ஏற்கனவே கம்மி, மைனாவும் ஆந்தையும் அதே பொந்துக்குத்தான் போட்டி போடுது. அள்ளுன குஞ்சுங்கள துணி போட்டு மூடுன கூடையில ஒண்ணு மேல ஒண்ணா அடைச்சு பஸ்லயும் ரயில்லயும் கொண்டு வர்றாங்க, சூடு தாங்காமயும் பசியிலயும் வழியிலயே சாகுறது எவ்வளவோ. தப்பிச்சது பறந்துடக்கூடாதுன்னு இறக்கையோட நீள இறகையெல்லாம் கத்தரிச்சு விட்டுடுறாங்க, வீட்டுக்கு வந்தப்ப உங்க கிளி தத்தித் தத்தி நடந்துச்சுல்ல, அதான் காரணம். முனியாங்குற சின்னக் குருவிக்கு இன்னும் மோசம், சாயத்துல முக்கி கலர் குருவின்னு விக்கிறாங்க.

நான் ஒருத்தன் வாங்கலன்னா மட்டும் நின்னுடுமான்னு கேப்பீங்க. கூடை காலியானாத்தாங்க அவன் மறுபடி மரம் ஏறுவான்! பல்லாவரம் சந்தையில வனத்துறை ரெய்டு போய் பறவைங்கள மீட்டிருக்காங்க, ஆனா வாங்குற கை இருக்குற வரைக்கும் வேற தெருவுல வித்துட்டுத்தான் இருப்பாங்க.

சட்டமும் சொல்லிடுறேன். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளிய பிடிக்கிறது, விக்கிறது மட்டும் இல்ல, வாங்கி வீட்டுல வெச்சிருக்குறதும் குத்தம். 2022 திருத்தத்துல அது ரெண்டாவது பட்டியலுக்கு வந்துடுச்சு, 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம்.

கிளி வேணும்னு ஆசையா இருந்தா மொட்டைமாடில ஊறவெச்ச அரிசி வைங்க. ராயப்பேட்டையில ஒருத்தர் அப்படி வெச்சுத்தான் ஆயிரக்கணக்குல கிளி வந்துச்சு, பேப்பர்லயெல்லாம் போட்டாங்களே!

ஒண்ணு மட்டும், இதப் படிச்சுட்டு வேகத்துல கூண்டத் தொறந்து விட்டுடாதீங்க. இறக்கை வெட்டுன கிளி, தானா இரை தேடத் தெரியாது, காக்காவே கொத்திப் போட்டுடும். கிண்டியில வனத்துறை ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டுட்டு கூண்டோட கொண்டுபோய் ஒப்படைங்க, இறகு முளைச்சு பறக்கப் பழகுற வரைக்கும் வெச்சுப் பாத்துத்தான் வெளிய விடணும்.