சுவர் பத்தடியில் நிற்கட்டும், தம்பி

அன்புத் தம்பிக்கு,

தைப்பூசம் முடிந்த வாரம் நீ என் வீட்டு வாசலுக்கு வந்தாய். ஈப்போ கல்லுமலையில் பால்குடம் எடுத்த களைப்பு உன் முகத்தில் இன்னும் இருந்தது. ஒரு கையில் பஞ்சாமிர்த டப்பா, மறு கையில் ஒரு ஒப்புதல் பாரம். "ஒரு கையெழுத்துதான் டீச்சர், பக்கத்து வீட்டுக்காரங்க ஒப்புதல் கேக்குறாங்க" என்றாய். பஞ்சாமிர்தத்தை வாங்கிக்கொண்டேன். பாரத்தை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போ, படித்துப் பார்க்கிறேன் என்றேன். அன்றிலிருந்து காலையில் கார் எடுக்கும்போது நீ என் பக்கம் திரும்புவதில்லை.

போன வாரம் நகராண்மைக் கழகத்திலிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. பின்பக்கம் இரண்டு மாடி எழுப்ப நீ மனு போட்டிருக்கிறாய், ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று மலாயில் எழுதியிருந்தது. என் ஆட்சேபத்தை நேற்றே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிவிட்டேன். இதை நீ யார் வாயிலாகவும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடாது. என் வாயால்தான் கேட்க வேண்டும்.

பொதுவில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒட்டுக்கடையில் இந்தப் பேச்சு ஏற்கெனவே நடக்கிறது. "டீச்சருக்கு மனசு வரல" என்று சொல்கிறார்களாம். நம் லோரோங்கில், அதாவது நம் தெருவில், இன்னும் மூன்று வீட்டுக்கு அதே கடிதம் போயிருக்கிறது. அதில் இரண்டு வீட்டில் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மலாய் புரியாமல் டிவிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

உனக்கு இடம் ஏன் வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருபதுக்கு அறுபத்தைந்து அடி நிலம். வீடு முப்பதடி, அதற்குள் மூன்று அறை. உன் மூத்தவன் படிவம் நான்குக்குப் போய்விட்டான், இன்னும் கூடத்தில் பாய் போட்டுத்தான் படுக்கிறான். இரவு பதினொரு மணிக்கு அவன் புத்தகம் புரட்டும் சத்தம் என் அறைக்குக் கேட்கிறது. உன் மாமியாரும் வந்து சேர்ந்துவிட்டார். உனக்கு இரண்டு அறை கூடுதலாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சொந்த நிலத்தில் வீடு எழுப்புவது நம் ஆட்களுக்குச் சின்ன விஷயம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் தோட்டம் கை மாறினால் குடியிருந்த லயமும் போய்விடும். நம் ஊர் மனிதர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, என் அப்பா சம்பளத்தில் பிடித்துப் பிடித்துப் பங்கு வாங்கினார். அந்தப் பங்குப் பத்திரத்தை அம்மா இன்னும் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். உன் தாத்தாவும் அதே தோட்டத்தில் அதே காலைப் பெரட்டு வரிசையில் நின்றவர். "நமக்குன்னு ஒரு துண்டு மண்ணு" என்ற வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த மண்ணில் நீ ஒரு செங்கல்கூட வைக்காதே என்று நான் சொல்வேனா?

நான் சொல்ல வந்தது ஒரு சுவரைப் பற்றி. உன் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவில், பின்கட்டில் பதினைந்தடி நீளத்துக்கு நீ எழுப்பப்போகும் சுவர். கவுண்டரில் உன் பிளானை விரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். உயரம் 22 அடி, எல்லைக் கோட்டின்மேலேயே. இப்போது அங்கே நிற்பது ஆறடிச் சுவர்.

என் அம்மா காலையில் எங்கே உட்காருவார் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்த ஆறடிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அவரிடம் கடலை வாங்கித் தின்றவன் நீ. சமையலறைப் பின்வாசலுக்கு வெளியே, பச்சைப் பிரம்பு நாற்காலி. நம் வீடுகளின் பின்பக்கம் தெற்கு, உன் வீடு எனக்குக் கிழக்கு. உன் வீட்டுப் பக்கமிருந்துதான் எங்களுக்கு வெயில் வருகிறது.

அம்மா பதிமூன்று வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். இருட்டில் எழுந்து, பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும், அதனால் வெயிலுக்கு முந்தி ஓட வேண்டும். நாற்பது வருடம் அப்படி ஓடினார். இப்போது 88 வயதில், காலை எட்டரைக்கு அந்த வெயில் வரும்வரை நாற்காலியில் காத்திருக்கிறார். வந்ததும் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொள்வார், உள்ளங்கை மேலே தெரிய. வலது உள்ளங்கையில் கத்தி பிடித்த காய்ப்பு இன்னும் மஞ்சளாகத் தெரியும். ஒரு மணி நேரம் பேசமாட்டார். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் விரல் மடங்கும், தானே கோப்பையைப் பிடித்துத் தேநீர் குடிப்பார். மழை மூட்டமான நாளில் நான்தான் ஊட்டிவிட வேண்டும்.

பிளானைப் பார்த்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அது. என் கூடப்பிறந்த தம்பி செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கழியைக் கொண்டுவந்தான். 22 அடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, எல்லைச் சுவரோடு சேர்த்து என் பக்கத்தில் நிமிர்த்திக் கட்டினோம். நீ பார்த்திருப்பாய், கேட்கவில்லை. அந்தத் துணிதான் உன் சுவரின் தலை. அதன் நிழல் எங்கே விழுகிறதோ, அதற்கு மேற்கே வெயில், கிழக்கே சுவர் நிழல். அம்மாவின் நாற்காலி எல்லையிலிருந்து சரியாகப் பத்தடி. இந்த மார்ச் மாதத்தில் நம் ஊரில் ஏழு இருபது வாக்கில் சூரியன் நேர் கிழக்கே எழும்பி, மணிக்கு 15 பாகை ஏறுகிறது. உனக்கு ஆறாம் ஆண்டில் நான்தான் கணிதம் எடுத்தேன், நீயே போட்டுப் பார்க்கலாம். எட்டரைக்குத் துணியின் நிழல் என் முற்றத்திலேயே இல்லை, மேற்கே எங்கோ தாண்டி விழுந்தது. ஒன்பதரை, பத்தரை. மெல்ல மெல்ல உள்ளே வந்தது. துணியின் நிழல் அம்மாவின் மடியில் விழுந்தபோது பதினொன்றரை. அந்த நேரத்து வெயில் உச்சி வெயில். அதில் யாரும் 88 வயதுக்காரரை உட்கார வைக்கமாட்டார்கள்.

அம்மா துணியைப் பார்த்துவிட்டு, "இது என்னா?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவசரகாலத்தைப் பற்றிப் பேசினார். 1948 ஜூனில் நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்தபோது அவருக்குப் பத்து வயது. பிறகு லயங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றி முள்கம்பி அடித்தார்கள். "வேலி அடிச்சாங்க. அதுலயும் காத்து வந்துச்சு, வெயில் வந்துச்சு" என்றார். உன்மேல் கோபப்பட்டுச் சொல்லவில்லை. உன் பெயரைச் சொல்லி, "அவனுக்குத் தெரியாதா இருக்கும், போய்ச் சொல்லு" என்றார்.

அடுத்தது நடுச்சுவர். இது உன் பிள்ளைகளுக்காகவும் சொல்கிறேன். உன் பிளானில் மேல்மாடி இரும்பு உத்தரத்தின் ஒரு முனை நம் இருவருக்கும் பொதுவான வீட்டுச் சுவர்மேல் உட்காருகிறது. அந்தச் சுவர் எவ்வளவு தடிப்பு என்று உனக்குத் தெரியுமா? போன வருடம் என் சமையலறையில் ஒயர் மாற்ற வந்தவர் காரையை உடைத்தபோது பார்த்தேன். ஒரே வரிசைச் செங்கல், காரையோடு சேர்த்து ஐந்து அங்குலம். நீ உன் பக்கம் ஆணி அடித்தால் என் பக்கம் நாள்காட்டி ஆடுகிறது. 1984ஆம் ஆண்டு ஒருசீரான கட்டடத் துணைவிதிகளில் 86ஆவது விதி, பொதுச் சுவர் 200 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. அதாவது எட்டு அங்குலம். நம் தாமான் குடியிருப்பு அந்த விதிக்கு முன்பே கட்டியது. ஜிங் தகரக் கூரையைத் தாங்கிக்கொண்டு இத்தனை வருடம் நின்ற சுவர், ஒரு மாடியைத் தாங்கும் என்று யார் உன்னிடம் சொன்னார்கள்? முனை வீட்டில் பின்பக்கம் அறை எடுத்தபோது அடுத்த வீட்டுக் கழிவறைச் சுவரில் விழுந்த விரிசலுக்குள் இன்று என் விரல் நுழைகிறது. அங்கே எழும்பியது ஒரு மாடிகூட இல்லை, வெறும் அறை. மேலே கட்டுவதென்றால் உன் நிலத்துக்குள்ளேயே உனக்கென்று தூண், உனக்கென்று அடித்தளம் வேண்டும். செலவு கூடும். தெரிந்துதான் சொல்கிறேன்.

லோங்காவை, அந்தச் சாக்கடைக் கால்வாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீயும் நானும் சேர்ந்து வாளியில் தண்ணீர் இறைத்தவர்கள். ஐந்து வீட்டுத் தண்ணீர் உன் பின்கட்டு வழியாகத்தான் சந்துக்குப் போகிறது. பிளானில் அது சிமெண்டுத் தளத்துக்கு அடியில் போகிறது, திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடிகூட வரையவில்லை. சாயங்கால மழை ஒரு மணி நேரம் கொட்டினால் என்ன ஆகும் என்று உன் மனைவியைக் கேள்.

சட்டத்தை வைத்து உன்னை மிரட்ட வருகிறேன் என்று நினைக்காதே. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று நீயும் லோரோங்கில் உள்ளவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு எழுத்து மூலம் அறிவித்து, 21 நாள் கொடுக்க வேண்டும் என்கிறது. ஒட்டிய நிலம் மட்டும் இல்லை, 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, சந்து, கால்வாய் நடுவில் இருந்தாலும் அது பக்கத்து நிலம்தான். அதனால்தான் சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கும் கடிதம் போயிருக்கிறது. ஆட்சேபத்தில் நேரில் பேச வேண்டும் என்று எழுதிக் கேட்டால், 30 நாளுக்குள் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். நான் எழுதிக் கேட்டிருக்கிறேன். முடிவு பிடிக்காவிட்டால் நீயும் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம், நானும் போகலாம். அப்படிப் போனால் உன் மூத்தவன் எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடிக்கும்வரை கூடத்தில்தான் படுக்க வேண்டியிருக்கும். எனக்கு அது வேண்டாம்.

இதற்கு முந்தி நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இப்படி ஒன்று வந்திருக்கிறது. நான் முன்பக்கம் அவ்னிங் கூரை போட்டபோது உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, "தண்ணி என் துளசிமேல விழும்மா" என்றார். அரையடி வெட்டச் சொன்னேன். தகரம் வெட்டியவர் முணுமுணுத்தார், ஐம்பது வெள்ளி கூடக் கேட்டார். கொடுத்தேன். அந்த வெட்டு இன்னும் தெரியும், உன் கேட்டில் நின்று பார்த்தாலே தெரியும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கீழே பின்கட்டு பதினைந்தடியையும் எடுத்துக்கொள். சமையலறையை அங்கே கொண்டுபோ, இப்போதைய சமையலறையை மாமியாருக்கு அறையாக்கு. எல்லைச் சுவரைப் பத்தடியில் நிறுத்து. கழியில் பத்தடி உயரத்திலும் ஒரு துணி கட்டிப் பார்த்தேன். அதன் நிழல் அம்மாவின் மடியை விட்டு விலக ஒன்பதே முக்கால் ஆகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகிறது. அதை அம்மா பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு வேண்டிய இரண்டு அறையை வீட்டின் முன்பாதிமேல் எழுப்பு, உன் சொந்தத் தூண்களில். அங்கே எழுந்தால் அம்மாவின் நாற்காலிக்கு வரும் காலை வெயிலை அது தொடாது. லோங்காவுக்கு இரண்டு இடத்தில் இரும்பு மூடி வை. இப்படி ஒரு பிளான் வந்தால், என் ஆட்சேபத்தை நானே போய்த் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ கொண்டுவந்த பாரம் இன்னும் மேசைமேல் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. அதில் கையெழுத்தும் போடுகிறேன்.

தூண் செலவு உனக்குப் பாரமாக இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல். லோங்கா வேலையில் என் பங்கை நான் தருகிறேன், அது எனக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பின்பக்கமாக வா. பிளான் வரைந்தவரையும் கூட்டிக்கொண்டு வா, அளவு நாடா என்னிடம் இருக்கிறது. கழியை இன்னும் அவிழ்க்கவில்லை. மழை இல்லாவிட்டால் அம்மா நாற்காலியில் இருப்பார். அவர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு வைக்கிறேன். எட்டரை ஆகும்வரை உட்கார்ந்து பார்.

அன்புடன்,
உன் பக்கத்து வீட்டு டீச்சர்
சுங்கை சிப்புட்