துக்க வீட்டுக்கு வரும் போதகர் ஐயாமாருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் ஊழியம் செய்யும் போதகர் ஐயாமாருக்கும், ஜெபக்கூட்டங்களில் செய்தி கொடுக்கும் சகோதர சகோதரிகளுக்கும்,

ஆண்டவருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் ஒரு கிராமத்துச் சபையில் பத்தொன்பது வருஷமாக ஓய்வுநாள் பள்ளி நடத்தி வருகிறேன். இறையியல் படித்தவள் இல்லை. பிரசங்க பீடத்துக்குக் கீழே உட்கார்ந்து கேட்டே வளர்ந்தவள். அப்படிக் கேட்கிறவளாகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கைக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அதற்கு முன்பும் ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்தாறு வாரம் இருக்கும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வரமாட்டேன் என்றவளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பத்துப் பேர் நடுவில் இருந்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். முக்காடு போட்டுக்கொண்டு சுவரோரம் பாயில் உட்கார்ந்தாள்.

செய்தி கொடுத்தவர் யோசுவாவின் புத்தகத்திலிருந்து ஆகானின் கதையை எடுத்தார். எரிகோவில் கொள்ளையடித்த சால்வையையும் வெள்ளியையும் பொன்பாளத்தையும் கூடாரத்துக்குள் புதைத்து வைத்தானே, அவன் பாவத்தால் இஸ்ரவேலர் யுத்தத்தில் தோற்றார்களே, அவன்தான். நன்றாகப் பேசக்கூடியவர். பேச்சின் வேகத்தில், சில வீடுகளில் தொட்டில் ஆடாமல் இருப்பதற்கும் இப்படிப் புதைத்து வைத்த பாவம்தான் காரணம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

அவர் என் தங்கையைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்கு நடந்தது அவருக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரியைக் கேட்டதும் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு அவள் அறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், பீரோவைத் திறந்து வைத்து ஒவ்வொரு துணியாக எடுத்துத் தரையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்த இரண்டு சின்னச் சட்டையும் அந்தக் குவியலில் கிடந்தன. "என்னடி தேடுத?" என்று கேட்டேன். "எந்தப் பாவம்னு தெரியலைக்கா" என்றாள்.

அதன் பிறகு மூன்று வருஷம் அவள் கோவிலுக்கு வரவில்லை.

அந்தச் சகோதரரின் பெயர் இங்கே வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை என்றே இன்றும் நம்புகிறேன். அவர் வாயிலிருந்து அந்த வரி வர எடுத்தது ஐந்து விநாடி. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். இங்கே ஒரு பெண் தன் பீரோவுக்குள் தன் பாவத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். "பட்டயக்குத்துகள்போல் பேசுகிறவர்களும் உண்டு" என்று நீதிமொழிகளில் வாசிக்கும்போதெல்லாம், கோபத்தில் கத்துகிறவர்களைத்தான் சொல்லுகிறது என்று நினைத்திருந்தேன். வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாந்தமான குரலிலும் குத்த முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாவைப் பற்றி எங்களுக்கு நிறையப் போதித்திருக்கிறீர்கள், ஐயா. பெண்கள் ஐக்கியத்துக்குச் செய்தி என்றாலே யாக்கோபு மூன்றாம் அதிகாரம்தான். குதிரையின் வாயில் போடும் கடிவாளம், கப்பலைத் திருப்பும் சின்னச் சுக்கான், பெரிய காட்டைக் கொளுத்தும் சிறிய நெருப்பு. புறணி பேசாதீர்கள், குழாயடியில் வம்பு வளர்க்காதீர்கள் என்று முடிப்பீர்கள். சரி, எங்களுக்கு அது தேவைதான். ஆனால் அந்த அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். "என் சகோதரரே, அதிக ஆக்கினையை அடைவோமென்று அறிந்து, உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக." இதுதான் முதல் வசனம். கடிவாளமும் சுக்கானும் நெருப்பும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. யாக்கோபு முதலில் திரும்பிப் பார்த்தது குழாயடியை அல்ல, போதிக்கிறவர்களை. இத்தனை வருஷத்தில் இந்த முதல் வசனத்தை வைத்து ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

நாங்கள் பேசுவதற்கும் நீங்கள் பேசுவதற்கும் எடை ஒன்றல்ல. பக்கத்து வீட்டு அக்கா ஒன்று சொன்னால் நாங்களும் பதிலுக்கு இரண்டு சொல்லிவிட்டு மறுநாள் அவள் வீட்டிலேயே கறிவேப்பிலை கேட்டு நிற்போம். வெள்ளை அங்கி போட்டவர் சொன்னால் அதை ஆண்டவர் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம். வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுத்த, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை வேதப்புத்தகத்துக்குள் வைத்துப் பத்து வருஷம் பாதுகாக்கிற ஜனங்கள் நாங்கள். நல்ல வார்த்தையை அப்படி வைத்திருக்கிறவர்கள் மற்ற வார்த்தையை மட்டும் எங்கே கொண்டுபோய்ப் போடுவோம்?

துன்பம் வந்தவனிடம் காரணம் சொல்லுகிற இந்தப் பழக்கத்தை வேதம் எங்கும் மெச்சவில்லை. பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் இராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்பேன். வாயைத் திறந்த பிறகு, குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ, யோசித்துப் பார் என்று ஆரம்பித்தார்கள். "நீங்கள் எந்தமட்டும் என் ஆத்துமாவை வருத்தப்படுத்தி, வார்த்தைகளினால் என்னை நொறுக்குவீர்கள்?" என்று அவன் கெஞ்ச வேண்டியதாயிற்று. அவர்கள் தேவனுக்காகப் பரிந்துதான் பேசினார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது அவர்கள்மேல்தான். என்னைக் குறித்து நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார்.

பிறவிக் குருடனைப் பார்த்ததும் சீஷர்கள் கேட்ட கேள்வியும் இதே கேள்விதான். யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இருவரும் அல்ல என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். ஆனாலும் சுகமாகாத நோயாளியிடம் "உங்களுக்கு விசுவாசம் போதாது" என்றும், விபத்தில் மகனைப் பறிகொடுத்தவரிடம் "குடும்ப ஜெபம் உண்டா?" என்றும் கேட்கிறவர்கள் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள்.

இயேசுவும் கடினமாய்ப் பேசினாரே என்று சிலர் சொல்வீர்கள். பேசினார். வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள் என்றார், விரியன்பாம்புக் குட்டிகளே என்றார். யாரைப் பார்த்து? மோசேயினுடைய ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு, சுமக்க முடியாத சுமைகளை மனுஷர் தோள்மேல் கட்டி வைத்தவர்களைப் பார்த்து. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத ஸ்திரீயிடம் அவர் அப்படிப் பேசவில்லை. தீட்டு என்று நியாயப்பிரமாணம் ஒதுக்கி வைத்தவள், பின்னால் வந்து வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டு ஒளியப் பார்த்தாள். தன்னைக் கூப்பிட வந்த யவீருவின் மகள் சாகக் கிடக்கிற அவசரத்திலும் அவர் நின்று, அவளை முன்னால் வரவைத்து, அத்தனை ஜனமும் கேட்க "மகளே" என்றார். ஊரறிய ஒதுக்கப்பட்டவளுக்கு ஆறுதலும் ஊரறியத்தான் கிடைத்தது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான காரியம். ஆசாரியன் ஏலியைப் பற்றியது.

அன்னாளின் கதையைப் பிள்ளையில்லாத பெண்களிடம் எப்போதும் சொல்லுகிறீர்கள். ஜெபித்தாள், சாமுவேல் பிறந்தான், நீயும் ஜெபி என்று. நடுவில் ஆசாரியன் செய்ததைத் தாண்டிப் போய்விடுகிறோம். அவள் சீலோவில் உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் அழுது ஜெபிக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த ஏலி, "நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்? உன் குடியை உன்னைவிட்டு விலக்கு" என்கிறார். வீட்டில் சக்களத்தியின் வாய்க்குத் தப்பி வந்தவளுக்குத் தேவனுடைய ஆலயத்தில் கிடைத்த முதல் வார்த்தை அது.

அன்னாள் எழுந்து போய்விடவில்லை. அப்படியல்ல, என் ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ என்று பதில் சொன்னாள். அப்போது ஏலி என்ன செய்தார்? நான் ஆசாரியன், நான் சொன்னது சொன்னதுதான் என்று நிற்கவில்லை. என்னை எதிர்த்துப் பேசுகிறாயா என்று கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே தன் வார்த்தையை மாற்றினார். "சமாதானத்துடனே போ" என்றார். அடுத்த வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அவள் புறப்பட்டுப் போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்றிருக்கிறது. அப்போது சாமுவேல் இன்னும் கருவில்கூட இல்லை. பிள்ளை வருவதற்கு முன்னமே, ஒரு பெரியவர் தன் பேச்சைத் திருத்திக்கொண்டு சொன்ன ஒரு நல்ல வார்த்தையில் அவளுக்குச் சோறு இறங்கிற்று.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். தவறாகப் பேசிவிட்டோம் என்று தெரிந்தால் அதை மாற்றுங்கள். பீடத்தில் சொன்னதைப் பீடத்திலேயே மாற்றுங்கள். போன வாரம் இப்படிச் சொன்னேன், அது தப்பு, மனதில் பட்டவர்கள் மன்னியுங்கள் என்று ஒரு போதகர் சொன்னால் அவர் மதிப்பு குறையாது. எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையனை மக்கு என்று நான் ஒருமுறை திட்டிவிட்டேன். மறுவாரம் பிள்ளைகள் எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனைவிட மற்றப் பிள்ளைகள்தான் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டித் தேர்தல் சமயத்தில் எதிரணிக்காரர்களைப் பிரசங்கத்தில் குத்திப் பேசுவது பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. யாரைச் சொல்கிறீர்கள் என்று கடைசி பெஞ்சில் இருக்கும் பையனுக்கும் தெரியும். பதில் சொல்ல முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களை அடிப்பது நியாயமில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துத் தப்பும் உண்டு. போதகர்களைப் பற்றி மொட்டைக் கடிதம் போடுகிறவர்கள், போதகர் வீட்டு அம்மாவின் சேலையைக்கூட விமர்சிக்கிறவர்கள் எங்களுக்குள்தான் இருக்கிறார்கள். நினைவிலும் சொல்லிலும் செயலிலும் பாவம் செய்தோம் என்று ஆராதனையில் நீங்களும் நாங்களும் சேர்ந்துதான் முழங்காலிடுகிறோம். அந்த நடு வார்த்தையில் மட்டும் எல்லாருமே கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றும்.

என் தங்கை திரும்ப வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற வயதான உபதேசியார் ஒருவர் இருந்தார். ஒருநாள் சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தோம், ஆற்றி ஆற்றிக் குடித்தார். மழையைப் பற்றி, முட்டி வலியைப் பற்றிப் பேசினார். வசனம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. எழுந்து செருப்பைப் போடும்போது என் தங்கையைப் பார்த்து, "பிள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு நெனச்சிருந்தே, தாயி?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாகச் சத்தமாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி, "நல்ல பேரு" என்றார். அந்தப் பெயரைச் சொல்லியே இரண்டு வரி ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை அவள் அழுதுகொண்டே நின்றாள். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அடுத்த அசன விழாவுக்குக் காய்கறி வெட்ட மற்றப் பெண்களோடு போய் உட்கார்ந்தாள்.

அந்தச் சின்னச் சட்டை இரண்டும் இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன. அன்றைக்கு ஆகானைப் பற்றிப் பேசிய சகோதரர் இதை வாசித்து, இது தான்தான் என்று கண்டுகொண்டால், தயவுசெய்து பயப்பட வேண்டாம். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். செய்தி எதுவும் ஆயத்தம் பண்ண வேண்டாம். திண்ணையில் உட்காருங்கள், காப்பி போட்டுத் தருகிறோம்.

ஆண்டவருடைய அன்பில்,
உங்கள் சபைகள் ஒன்றில் ஓய்வுநாள் பள்ளி நடத்தும் ஒரு சகோதரி